விளக்கு எண்ணெயில் ஊறிய இறைச்சி

சாயங்காலம் ஆனதும் விளக்கேற்ற என்னைத் தேடிக் கூப்பிடும் என் சரோஜாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஞாயிறு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். உன் தங்கை படிப்பாள். படித்த கையோடு ஜெராமிலிருந்து போன் போட்டுத் திட்டுவாள். திட்டட்டும். யாரோ சொல்லி அவளுக்குத் தெரிவதைவிட, நான் உன்னிடம் சொல்வதை அவள் ஒட்டுக் கேட்பது நல்லது. நம் வீட்டில் மாட்டிறைச்சி சமைத்தேன், சரோஜா. நான்தான்.

முதலில் மாலாவைப் பற்றிச் சொல்கிறேன். அவளுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்து இரண்டு மாதம் ஆகிறது. ரவாங்கில் அந்த வாடகை வீட்டில் நம் மகள் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று கோலசிலாங்கூரில் நம் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். புண் ஆறி வருகிறது. பசிதான் வரவில்லை. கஞ்சி என்றால் மூன்று கரண்டி, இட்டிலி என்றால் பாதி. "இறங்கலப்பா" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். நீ போட்டுவிட்ட வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது. இன்னும் எடை குறைந்தால் மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ உயிரோடு இருந்திருந்தால் இதற்கெல்லாம் என்ன செய்திருப்பாய்? எனக்குத் தெரிந்ததெல்லாம் ரசம் ஒன்றுதான்.

ஒரு நாள் போனில் சமையல் படம் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் மாதிரி மெல்லிய இறைச்சி சட்டியில் சுருங்குகிறது. அவள் தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.

"என்னம்மா அது?"

"ஒன்னுமில்லப்பா. சும்மா."

நான் வாத்தியாராக இருந்து கண்டது இது: வகுப்பில் "ஒன்னுமில்ல சார்" என்று சொல்லும் பிள்ளையின் கண் எந்தப் பக்கம் போகிறதோ, விஷயம் அந்தப் பக்கம்தான் இருக்கும். மேசைக்குக் கீழே போனால் மாங்காய், ஜன்னலுக்குப் போனால் வெளியே காத்திருக்கும் கூட்டாளி. இவள் கண் அந்தச் சட்டியை விட்டு அசையவில்லை.

"பேரு புல்கோகிப்பா. கம்பெனியில கொரியாவுக்கு ட்ரெய்னிங் அனுப்புனாங்கல்ல, அப்ப வாரம் ஒரு தடவ சாப்பிடுவோம்."

"வேணுமா?"

"மாட்டுக்கறிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கோழியில் செய்து பார்த்தேன். எனக்காக இரண்டு துண்டு தின்றாள்.

அப்போதுதான் அந்த நாள் ஞாபகம் வந்தது. கொரியாவிலிருந்து திரும்பிய புதிதில் மாலா ரவாங்கில் இதையே ஒரு பொட்டலம் வாங்கி வந்தாளே? "வாசப்படிக்கு உள்ள வேணாம்" என்று நீ சொன்னாய். அவளும் கோபித்துக்கொள்ளாமல் காரிலேயே உட்கார்ந்து தின்றாள். பத்து நிமிஷம் பொறுத்து நீ ஒரு தட்டில் சுடுசோறும் ஒரு கிளாஸ் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போனாய். "வெறும் கறியவா திங்குற? இந்தா, சோத்தப் போட்டுச் சாப்புடு" என்று கண்ணாடியைத் தட்டிக் கொடுத்தாய். மூக்கை மட்டும் முந்தானையால் மூடியிருந்தாய். அன்றைக்கு நீ எந்தப் பக்கம் இருந்தாய் என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் சந்தைக்குப் போனேன். தீபாவளிக்கு ஆட்டுக்கறி வாங்கும்போது உன்னிடம் பேரம் பேசித் தோற்பானே அஸ்மான், அவன் கடைதான். மாட்டுக்கறிப் பக்கம் நின்ற என்னைப் பார்த்துப் பதறிவிட்டான். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவன், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவான். வாத்தியாரை மட்டும் மலாயில் 'சிக்கு' என்றுதான் கூப்பிடுவான்.

"சிக்கு, தப்பான எடத்துல நிக்கிறீங்க லா! ஆடு அந்தப் பக்கம்."

"தெரியும் அஸ்மான். இதுதான் வேணும். அரை கிலோ."

கத்தியைக் கீழே வைத்துவிட்டான். "அக்கா இருந்தா என்னைய வெட்டிருக்கும். யாருக்கு சிக்கு?"

"மாலாவுக்கு."

கத்தியை மறுபடியும் கையில் எடுத்தான். நல்ல துண்டாகத் தேடி எடுத்தான். மெல்லிசாக வெட்ட வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் ஐஸில் வைத்துவிட்டு வெட்டச் சொன்னான். கறுப்புப் பையில் போட்டு, மேலே ஒரு கட்டுக் கொத்தமல்லியைச் செருகினான். "யாரும் பாத்தா கீரைன்னு நெனப்பாங்க."

நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் தெரியுமா? புதுச் சட்டி, புதுப் பலகை, புதுக் கத்தி. கேஸ் அடுப்பைப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உன் பாத்திரம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. மாலா நாற்காலியில் சாய்ந்தபடி சொல்லச் சொல்ல, சோயா சாஸ், சீனி, பூண்டு, துருவிய பேரிக்காய் எல்லாம் போட்டுப் பிசைந்தேன். பரீட்சையில் பிட்டு அடிக்கும் பையன் மாதிரி அடிக்கடி தெருவையும் எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

"இப்ப நல்லெண்ணெய் ரெண்டு கரண்டிப்பா."

உள்ளே போனேன், எடுத்து வந்தேன், ஊற்றினேன். மாலா மூக்கைச் சுளித்தாள்.

"கொரியா எண்ணெ வேற மாதிரி வாசமா இருக்கும். இது எங்கேர்ந்துப்பா எடுத்தீங்க?"

அப்போதுதான் கையிலிருந்த போத்தலைப் பார்த்தேன். கழுத்தில் குங்குமம். நீ போன பிறகு இந்த வீட்டில் நல்லெண்ணெய் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, சரோஜா. சாமி மேடையில்.

போத்தலைப் பிடித்தபடியே முழித்துக்கொண்டு நின்றேன். மாலா என்னைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "அப்பா, தையல் வலிக்குதுப்பா, அப்படி முழிக்காதீங்க!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு மாதத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஆனால் இறைச்சி வெந்து தட்டில் வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. "அம்மா வெளக்கு எண்ணெப்பா. எப்படிப்பா திங்கிறது?" கண் நிறைந்துவிட்டது. தட்டு வந்த வழியே திரும்பிவிடும் என்று பயந்துபோனேன்.

உள்ளே போய்ச் சுடுசோறு போட்டு எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். "வெறும் கறியவா திங்குற?" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டாள். இரண்டாம் தடவை சோறு கேட்டாள். சட்டியில் ஒட்டியிருந்த சாற்றையும் வழித்துப் போட்டாள்.

நான் தின்னவில்லை. அது என் வழக்கம், விட முடியாது.

சாயங்காலம் சாமி மேடை முன்னால் போத்தலோடு நெடுநேரம் நின்றேன். கொட்டிவிடுவதா, கடைக்கு ஓடிப் புதிது வாங்குவதா? குளித்துவிட்டு வந்து அதே எண்ணெயை ஊற்றித்தான் ஏற்றினேன். தப்பா, சரோஜா? திரி எப்போதும் போல எரிந்தது. மாலா பின்னால் வந்து நின்று கும்பிட்டாள். அவளால் அவ்வளவு நேரம் நிற்க முடிந்ததே, அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் டாக்டர் எடை பார்த்தார். கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார். வீட்டுக்கு வரும் வழியிலேயே மாலா கேட்டாள், "நாளைக்கும் செய்வீங்களாப்பா?" மறுநாள் வெள்ளிக்கிழமை. முடியாது என்று சொல்லிவிட்டேன். "அம்மா மாதிரியே பேசுறீங்க" என்றாள்.

அடுப்படிக்கென்று தனியாக ஒரு போத்தல் வாங்கி வைத்துவிட்டேன். குங்குமம் வைத்ததை இனி விளக்குக்கு மட்டும்தான் தொடுவேன். வெள்ளிக்கிழமை பின்கட்டு அடுப்பு எரியாது. மற்ற நாளில் அவள் கேட்டால் சமைப்பேன், சோற்றையும் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

விளக்கேற்ற நேரமாகிவிட்டது. எழுந்திருக்கிறேன்.

உன் மகளுக்கு இப்போது சோறு போடுகிற,
மாலாவின் அப்பா