முழங்கால் மட்டும்

12.03.2007, திங்கள்
சண்டையால் மதவாச்சிப் பாதை இன்னும் பூட்டுத்தான். எக்ஸ்ரே ஃபிலிம் இன்னும் வரவில்லை. இருப்பதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன்.

வயல் வரம்பில் விழுந்த பாலம்மா என்ற கூலிக்காரப் பெண் நொண்டிக்கொண்டு வந்தார். முழங்கால் நோகிறதாம். பயிற்சிக்கு வந்திருக்கும் நசீறா கேட்டாள்: “மிஸ், இடுப்பையும் எடுப்பமா?”

“ஃபிலிம் உங்கட வாப்பாவே தாறார்?” என்று எல்லோர் முன்னாலும் சீறினேன்.

முழங்கால் மட்டும் எடுத்தோம். முறிவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

13.03
நசீறாவின் வாப்பா தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு உப்புக்குளத்திலிருந்து இயக்கத்தால் துரத்தப்பட்டவர். புத்தளத்து முகாமிலேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கமானவர். தெரிந்துதானே சொன்னேன்? என்ன வாய் எனக்கு!

20.03, செவ்வாய்
பாலம்மாவை ட்ரக்டர் பெட்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிவு. சின்ன வெடிப்பாக இருந்திருக்க வேண்டும். எட்டு நாள் நடந்து திரிந்ததில் விலகிவிட்டது. இடுப்பில் முறிந்தாலும் நோவு முழங்காலில் தெரியலாம் என்று வருடா வருடம் படிப்பிக்கிறவள் நான்!

டொக்டர் செல்வநாயகம் கேட்டார்: “முதல் படம் ஆர் எடுத்தது?”

“ஸ்ருடன்ற், டொக்டர்.”

சீ! நசீறா பக்கத்திலேயே நின்றாள். படத்தை எடுத்து உறையில் போட்டாள்.

21.03
அம்புலன்ஸுக்கு மட்டும் பாதை திறப்பார்களாம்; பாலம்மாவை அநுராதபுரத்துக்கு ஏற்றினார்கள். சோதனைச்சாவடியில் எத்தனை மணித்தியாலம் கிடக்க வேண்டுமோ? எட்டிப் பார்க்கக்கூடப் போகவில்லை நான்.

23.03, வெள்ளி
டொக்டரின் முறைப்பாட்டால் நசீறாவைப் பெயிலாக்கப் போகிறார்களாம்.

அவளுடைய பயிற்சிக் கொப்பி என் கையெழுத்துக்கு வந்தது. ‘வலது முழங்கால். நான் எடுத்தேன்.’ அவ்வளவுதான். நான் ஏசினது ஒரு எழுத்துக்கூட இல்லை. ஏனடி எழுதேல்லை? என்னில பயமா? இல்லாட்டி எனக்காகப் பாவம் பாத்தனியா? கையெழுத்துப் போடாமல் மூடி வைத்தேன்.

26.03
சொல்லிவிட்டேன். “அவள் இடுப்பையும் கேட்டவள், டொக்டர். நான்தான் ஏசி வாயை அடைச்சனான்.”

“ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?”

எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

09.04
நசீறா பாஸ். எனக்கு இனி மாணவர்களை அனுப்ப மாட்டார்களாம். சரிதான். “போயிட்டு வாறன் மிஸ்” என்றாள். வாப்பாவைச் சொன்னதற்கு அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். “கவனமாப் போம்” என்றுதான் வந்தது.

19.06, செவ்வாய்
பாலம்மா ஊன்றுதடியோடு வந்தார். மறுபடி படம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். மேசையில் ஏறாமல் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“அந்தப் புள்ள எங்கம்மா? இடுப்பையும் எடுப்பமான்னு கேட்டிச்சே, அந்தப் புள்ள?”

எல்லாம் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறார், அன்றைக்கு.

“அவள் படிச்சு முடிச்சிட்டுப் போயிட்டாள். அண்டைக்கு அவள் கேட்டது சரி, அம்மா. பிழை என்ர...”

“தெரியும்மா,” என்று சொல்லி, மேசையில் ஏறிக் காலை நீட்டினார்.