மை இல்லாத கடிதம்

பாளையங்கோட்டை
11-1-1931

அன்புக்குரிய ரசியா லாத்தாவுக்கு, மஹ்மூதாவின் சலாம்.

சிங்கப்பூர் கப்பல் ஏறும் யஹ்யா காக்காவிடம் ஒரு பித்தளைச் சட்டமும் ஊசியும் கொடுத்தனுப்புகிறேன். நான் அங்கு வந்திருந்தபோது சொல்லிக்கொடுத்த, விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தை மறந்திருக்க மாட்டீர்கள். வலமிருந்து குத்த வேண்டும். அரபுத்தமிழ் எழுதிப் பழகிய உங்கள் கைக்கு அது சிரமமில்லை.

உங்கள் மைக் கடிதங்களை டீச்சர்தான் உரக்கப் படிக்கிறார்கள். அவர்கள் குரலில் நீங்கள் யாரோ மாதிரி இருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் என் விரலுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

என் படிப்பு முடிகிறது. இந்தப் பள்ளியிலேயே தங்கி என்னைப் போல் கண் தெரியாத சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறாயா என்று கேட்கிறார்கள். உம்மா மௌத்தான பிறகு நீங்கள் மாடியில் தனியாக இருப்பதை நினைத்தால் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வா என்றால் வருகிறேன். இரு என்றால் இருக்கிறேன். நீங்கள் சொன்னால் வாப்பா மறுக்க மாட்டார்கள்.

உங்கள் மஹ்மூதா


குளுவாங், மலாயா
8-2-1931

என் தங்கச்சி மஹ்மூதாவுக்கு,

ஒரு வரி குத்துவதற்குள் விரல் சிவந்துவிட்டது. நீ எப்படித்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறாயோ!

கீழே கடையில் பகலெல்லாம் சத்தம். மாடியில் நான் மட்டும். இருக்கிற புத்தகங்களை எல்லாம் மறுபடியும் படித்தாயிற்று. நல்ல வரி வந்தால் உரக்கப் படிக்கிறேன். கேட்க ஆளில்லை என்று பாதியில் நிறுத்திவிடுகிறேன். சாப்பிட உட்காரும்போது இன்னும் உனக்கு இடம் விட்டுத்தான் உட்காருகிறேன். இதை மையில் எழுதமாட்டேன். உன் டீச்சர் வாயால் இது உன் காதில் விழ வேண்டாம்.

வந்துவிடு, மஹ்மூதா.

கணக்கர் சுப்ஹான் மாமாவிடம் இதைக் கொடுக்கிறேன். கடைத் தபாலோடு போகும்.

லாத்தா


பாளையங்கோட்டை
9-3-1931

அன்புள்ள லாத்தாவுக்கு,

உறை வந்தது. பிரித்துத் தடவினேன். தாள் இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது. திருப்பினேன், அந்தப் பக்கமும் அப்படியே. கன்னத்தில் வைத்துக்கூடப் பார்த்தேன். டீச்சரிடம் காட்டினால், "வெறும் தாளாச்சேம்மா" என்கிறார்கள்.

என் மேல் கோபமா? என்ன எழுத நினைத்தீர்கள்?

இங்கே பேச்சியம்மாள் என்று ஒரு குட்டி. எதைக் கொடுத்தாலும் வாயில் வைத்துத்தான் பார்ப்பாள். நேற்று அவள் பெயரைக் குத்தி விரலடியில் வைத்தேன். தடவிக்கொண்டே இருந்தவள், "அக்கா, நான் இதுக்குள்ள இருக்கேன்!" என்று கத்தினாள். தாளைத் திருப்பித் தரவேயில்லை. "நாளைக்கு யாரு பேரு?" என்று இன்று காலையிலிருந்து நச்சரிக்கிறாள். நான் என்ன சொல்ல?

மே மாதத்துக்குள் பதில் வேண்டுமாம். இன்னொரு தடவை எழுதுங்கள், லாத்தா.

மஹ்மூதா


குளுவாங்
5-4-1931

மஹ்மூதாக் கண்ணுக்கு,

கோபமாவது! கடையிலிருந்து போகும் கடிதங்களை ஈரத்தாளோடு சேர்த்து இரும்புப் பொறியில் இறுக்கி நகலெடுப்பார்களே, நான் உனக்கு எழுதியதையும் அப்படி இறுக்கிவிட்டார் சுப்ஹான் மாமா. புள்ளியெல்லாம் அமுங்கிப் போயிருக்கிறது.

"மையே இல்லாத கடுதாசிக்கு நகல் எதுக்கு மாமா?" என்று கேட்டேன்.

"மை இருக்கா இல்லையான்னு பாக்குறது என் வேலையாம்மா? கடையை விட்டுப் போறது எதுவானாலும் நகல் பிடிச்சு வைக்கணும். உங்க வாப்பா போட்ட சட்டம்."

நகல் புத்தகத்தையும் காட்டினார். வெறும் பக்கம். அதற்கும் ஒரு நம்பர் போட்டு வைத்திருக்கிறார். சிரித்துவிட்டேன்.

என்ன எழுதியிருந்தேன் என்றா கேட்கிறாய்? இரு என்றுதான் எழுதியிருந்தேன். எனக்கு இங்கே என்ன குறை? கீழே கடை கலகலவென்று இருக்கிறது. படிக்கப் புத்தகம் இருக்கிறது. வாப்பாவிடமும் பேசிவிட்டேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு, "அவளுக்குச் சந்தோஷம்னா சரி" என்றார்கள்.

பேச்சியம்மாள் இன்னும் பெயர் கேட்டால் என் பெயரைக் குத்திக் கொடு.

இதைச் சுப்ஹான் மாமாவிடம் கொடுக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு நானே தபாலாபீசுக்குப் போகப் போகிறேன். உறையில் போடும் முன் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. ‘இரு’ என்ற இடத்தில் மட்டும் ஊசி தாளைத் துளைத்துவிட்டது. அங்கே மெல்லத் தடவு.

லாத்தா