கால்வாயில் அண்ணனிடம் சொன்னது

2006 ஜூலை, வெள்ளி

மழை. பின்னேரம் விட்டது. தோய்த்த உடுப்பு இன்னும் ஈரம்.

நாளை அண்ணன், அண்ணியோடு ஹால்டென் கால்வாய். ஒரு நாளுக்குப் படகு வாடகைக்கு எடுத்திருக்கிறார். நிலக்கீழ் ரயில் ஓட்டுகிறவருக்கு விடுமுறையிலும் ஏதாவது ஓட்ட வேண்டும்.

கொண்டுபோக: தொப்பி, நுளம்பு கடிக்காத மருந்து, கமரா பற்றறி.

ரேவதி போனில்: "நாளைக்காவது அண்ணன்கிட்ட சொல்லிடுவீங்களா?"

ஓம் என்றேன்.

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க." குரலில் கோபமில்லை. அதுதான் பயம்.

கோயம்புத்தூர்க்காரி, கணினி வேலைக்கு ஒஸ்லோ வந்தவள், விவாகரத்தானவள், நிலா என்ற சிறுமியின் அம்மா. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். அண்ணனோ லோறென்ஸ்கூக்கில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் எனக்கு வீடு பார்க்கிறார். யாழ்ப்பாணத்தில் பெண்ணும். என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டதே அவர்தான். நாற்பதை நெருங்கியும் அவர் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது.

சனி

நல்ல வெயில். ஓர்யெயில் படகு ஏறினோம். நீளமான பழைய படகு, தையல் மெஷின் போல எஞ்சின் சத்தம். கரையில் நாயோடு நடந்த கிழவர் எங்களை முந்திப் போனார்.

அண்ணன்: "இதைவிட நடந்து போகலாம்."

அண்ணி: "ஆறுதலாய்ப் போகத்தானே வந்தனாங்கள்." காலை நீட்டி இருந்து ரோல்ஸ் சாப்பிட்டா. மீன் ரோல்ஸ், உறைப்புக் கொஞ்சம் கூட.

பிறகு ஸ்லூஸ என்கிற நீர்ப்பூட்டு. இரண்டு பெரிய கதவுகளுக்கு நடுவே ஒரு தொட்டி. படகு உள்ளே போனதும் தண்ணீரை வடியவிட்டுக் கீழே இறக்குகிறார்கள். இறங்க இறங்கக் கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். கயிறு அண்ணன் கையில். இரு பக்கமும் ஈரச் சுவர். ஒருவரும் எழுந்து போக முடியாது. சொல்லிவிட்டேன்.

"அண்ணை, வீடு பாக்க வேண்டாம். ஊரிலை பொம்பிளையும் வேண்டாம். எனக்கு ஒரு ஆள் இருக்கு."

"ஆர்?"

"ரேவதி எண்டு. இந்தியாவிலை இருந்து வந்தவ. டிவோர்ஸ் எடுத்தவ. ஒரு மகள்."

அண்ணன் என்னையே பார்த்தார். கயிற்றை விடவில்லை. தண்ணீர் இறங்கியது, படகு ஒரு பக்கம் கயிற்றில் தொங்கியது. தேத்தண்ணிப் போத்தல் உருண்டது. மேலே கதவு திறக்கும் பெண் நோர்வேஜிய மொழியில் கத்தினாள்: விடு, விடு.

அண்ணி: "இஞ்சேருங்கோ, கயிறு."

விட்டார். படகு தொம்மென்று நேரானது. உள்ளங்கை உரிந்துபோனது. நான் பிளாஸ்ரர் ஒட்டினேன். கையைத் தந்தார், முகத்தைத் தரவில்லை.

கன நேரம் கழித்து, என்னிடமல்ல, அண்ணியிடம்: "உமக்கு முதலே தெரியுமோ?"

"கடையிலை மூண்டு பேரையும் கண்டனான். இவன் அந்தப் பிள்ளைக்குச் சப்பாத்துக் கட்டிக்கொண்டு நிண்டவன்."

"எனக்குத்தான் கடைசியாய்."

ஒடுங்கிய இடமொன்றில் எஞ்சினை நிறுத்தினார். படகு தானாகவே மிதந்தது. நாணல், வாத்து, தூரத்தில் மரம் அறுக்கும் சத்தம். அண்ணி நித்திரை. அண்ணன் தண்ணீரைப் பார்த்தபடி. ஸ்ரேசன் இல்லாத இடத்தில் அவர் இவ்வளவு நேரம் நின்று நான் கண்டதில்லை.

திரும்பும்போது சுக்கானை என்னிடம் விட்டார். காரில் வானொலிச் செய்தி மட்டும். மோர்டென்ஸ்ருட்டில் என் வீட்டடியில் இறக்கிவிட்டார். அண்ணி மட்டும் கை காட்டினா.

ரேவதிக்கு: சொல்லிவிட்டேன். "என்ன சொன்னார்?" ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "சரி, தூங்குங்க."

ஞாயிறு

மப்பு வானம். முதியோர் இல்லத்தில் காலை வேலை. கோப்பி நேரத்தில் அண்ணனின் போன்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"ஏழு."

"நீந்துமோ?"

"இப்பதான் பழகுது."



"படகுக்காரனைக் கேட்டனான். சின்ன அளவிலையும் லைஃப் ஜக்கெற் இருக்காம்."

வைத்துவிட்டார்.