படகு கட்ட ஒரு வளையம்

வளப்பூர் நாடு,
30.6.1999

அன்பு மனைவி நாசியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பலாப்பழ லோடு ஏற்ற மலைக்கு வந்தவன் மழையில் மாட்டிக்கொண்டேன். லாரிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்தைக் கிண்டல் செய்யாதே.

வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். நீ வடிவமைத்த முதல் மிதவை புயலுக்கு அசையவில்லை. மீனவர்கள் படகுகளை அதில் கட்டியதால்தான் நங்கூரச் சங்கிலி அறுந்தது. மிதவை நிழலில் மீன் கூடும், மீன் இருக்கும் இடத்துக்குப் படகு வரும், இதை யோசிக்காமல் விட்டேனே என்று நொந்துகொள்கிறாய். கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பினாலே வாந்தி எடுக்கிறவள் நீ. கப்பலேறிப் போய், அலையையும் காற்றையும் அளக்கிற அந்த மிதவையை நடுக்கடலில் நிறுத்திவிட்டு வந்தாய். எனக்கு அதையே இன்னும் நம்ப முடியவில்லை.

இங்கே பலாத்தோட்டக்காரர் அர்த்தனாரியிடம் இதைச் சொன்னேன். "காத்தடிக்குதான்னு பாக்கக் கடலுக்குள்ள போகோணுமுங்களா?" என்றார். முன்கூட்டியே தெரிந்தால் படகில் போகிறவர்கள் உயிர் பிழைப்பார்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படின்னா அம்மிணி பெரிய மனுசிங்க" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

உன்னிடம் எனக்குப் பிடித்தது வேறு. அந்த மீனவர்களை நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர்கள் குப்பத்துக்கே போய்ப் பேசியிருக்கிறாய். கருவிகளில் இடிக்காமல் படகு கட்ட ஒரு வளையம், அந்த இழுப்பையும் தாங்கும் சங்கிலி என்று புதிதாக வரைந்திருக்கிறாய். ஆபீஸில் சிரித்தார்களாம், 'படகு கட்டாதே' என்று எழுதி வைத்தால் போதுமாம். மீன் துள்ளுகிற இடத்தில் எவன் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருப்பான்? வருகிற பதினைந்தாம் தேதி ஆபீஸ் கூட்டத்தில் இதைத் தலைகுனியாமல் சொல். நீ செய்ததுதான் சரி.

மருமகளை எத்தனை நாள் பட்டணத்தில் விட்டு வைப்பாய் என்று அம்மா முறைக்கிறார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நம் முபஷிருக்குப் போன வாரம் காய்ச்சல், இப்போது தேவலை. உன் துப்பட்டாவைப் போர்த்தினால்தான் தூங்கினான். முன்பே எழுதவில்லை என்று கோபிக்காதே.

மழை விட்டுவிட்டது, டிரைவர் அவசரப்படுத்துகிறார். இரண்டாவது மிதவை கடலில் நிற்கும்வரை வராதே. அல்லாஹ் உனக்குத் துணையிருப்பான். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஊருக்கு வரட்டுமா என்று இன்னொரு முறை எழுதாதே. மறுபடி கேட்டால், வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது.

துஆவுடன்,
பைசல்