குல்லாவுக்குள் இருந்த காந்தம்

காது கேட்காவிட்டாலும் நான் வாசலில் வந்து நின்றால் திரும்பிப் பார்த்துவிடும் அப்பாவுக்கு,

பூம்பாறையில் இந்த வருஷப் பூண்டு தோண்டியாகிவிட்டது. அம்மா வெள்ளனே உட்கார்ந்து தரம் பிரிக்கிறாள். சொல்ல வந்தது அதுவல்ல. என் இடது காது முழுதாகப் போய்விட்டது, வலதும் போய்க்கொண்டிருக்கிறது. உங்களுக்கு வைத்தது போலவே எனக்கும் காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில் கருவி வைக்க வேண்டுமாம். இப்போதே வைப்பதா, அந்தக் கருவிக்குள் இருக்கும் காந்தத்தில் புது ரகம் வரும்வரை பொறுப்பதா என்று யோசனை.

யோசனைக்குக் காரணம் என் சோலிதான். மதுரை ஆய்வகத்தில் உடம்புக்குள் வைக்கும் காந்தங்களைத்தானே சோதிக்கிறோம். உங்கள் தலையில் இருந்த ரகம் நன்றாக இழுக்கும். ஆனால் உறையில் விரிசல் விழுந்தால் உள்ளே துருப்பிடித்துவிடும். இப்போது இரும்பும் பிளாட்டினமும் கலந்து ஒன்றைப் பார்க்கிறோம். அது லேசில் துருப்பிடிக்காது, மெல்லியதாகவும் செய்யலாம். உப்புநீரில் ஊறப்போட்டோம், அப்படியே இருக்கிறது. அதன்மேல் வளர்த்த செல்களும் உயிரோடு இருக்கின்றன. காதுக் கருவிக்குள் வர இன்னும் எத்தனை வருஷமோ, யாருக்குத் தெரியும்?

ஆனால் உங்களுக்குக் கெடுதல் செய்தது துரு இல்லையே. சத்தத்தை உள்ளே அனுப்ப, காதுக்குப் பின்னால் காந்தத்தால் ஒட்டி நிற்கும் வெளிவில்லை, கம்பளிக் குல்லாவைக் கழற்றும்போதெல்லாம் கீழே விழுகிறது என்று, இன்னும் பலமாக இழுக்கிற காந்தத்தைக் கேட்டு மாட்டி வந்தீர்கள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. நடுவில் தோல் நசுங்கியது. நம் ஊர்க் குளிரில் குல்லாவைக் கழற்றி யார் பார்ப்பது? வலிக்கவே இல்லையா அப்பா? ஏன் சொல்லவில்லை?

புண் ஆழமாகி, கருவியையே எடுத்துவிட்டார்கள். பிறகு ஒருநாள் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள், எழுந்திருக்கவே இல்லை. அம்மா கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்த குரல் உங்களுக்குக் கேட்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது.

போன வாரம் ஆய்வகத்தில், தோலை எவ்வளவு நேரம் அழுத்தினால் புண்ணாகும் என்பதையும் பார்க்க வேண்டும் என்றேன். "அது காந்தத்தோட தப்பு இல்லையே மேடம்" என்றார் கூட வேலை பார்ப்பவர்.

"நாள் பூராம் குல்லா போட்டுக்கெடக்குற ஊரும் இருக்குங்க" என்றேன். சோதனையில் அதையும் சேர்த்துவிட்டார்கள்.

அம்மாவிடம் பொறுக்கலாமா என்று கேட்டேன். வலது காதருகே வந்து கத்தினாள்: "ஏத்தா, புதுசு வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் நான் செவுத்துக்கிட்டயா பேசிக்கெடக்க? உங்கப்பாருகிட்ட பேசுனது பத்தாதா? வெரசா போட்டுட்டு வா!"

அடுத்த மாதம் வைத்துக்கொள்கிறேன், அப்பா. இழுப்புக் குறைந்த காந்தமே போதும். வில்லை விழுந்தால் எடுத்து ஒட்டிக்கொள்கிறேன். மதுரையிலிருந்து ஊருக்கு வந்திருக்கும் நாளெல்லாம் சாயங்காலம் குல்லாவைக் கழற்றிவிட்டு அம்மா முன்னால் உட்காருவேன். பூண்டை அமுக்கி அழுகல் பார்க்கிற கட்டைவிரலால் என் தலையையும் அவள் பார்க்கட்டும்.

அம்மா திட்ட ஆரம்பித்ததும் வில்லையைக் கழற்றி இரும்பு பீரோவில் ஒட்டிவிட்டுச் சிரிப்பீர்களே, அது இன்னும் அங்கேதான் ஒட்டியிருக்கிறது. அம்மா அதைச் சுற்றித்தான் துடைக்கிறாள். தூங்கும்போது என்னுடையதையும் அதன் பக்கத்தில் ஒட்டி வைப்பேன். ஆனால் அவள் கூப்பிடும்போது அது என் தலையில் இருக்கும். இது சத்தியம்.

உங்கள் காதையே வாங்கிப் பிறந்த மகள்,
செல்வி