ஐந்து மணிக்குள் வடிந்த தண்ணீர்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. அப்பா, நான், உன் தங்கச்சி, அவள் கைக்குழந்தை எல்லோரும் உயிரோடு நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் அப்புறம் பேசுறேன்மா என்று வைத்துவிடுவாய், காகிதம் என்றால் உன் மேஜையிலேயே கிடக்கும், அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மழை பிடித்தது, ஒரு மணிக்கெல்லாம் ஆற்றுத் தண்ணீர் தங்கச்சி வீட்டுக் கட்டில் பலகையைத் தொட்டுவிட்டது. அவள் பிள்ளையை அலமாரி மேல்தட்டில் கிடத்தி இரண்டு கையாலும் பிடித்தபடி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருக்கிறாள். மூன்று மணிக்குத் தண்ணீர் தானாக இறங்கிவிட்டது. நான் வழக்கம்போல் ஐந்து மணிக்குப் பாலத்துக்குப் போய் ஆற்று மட்டம் காட்டும் அளவுகோலைப் பார்த்து ஒரு மீட்டர் நாற்பது என்று அலுவலக நோட்டில் எழுதினேன். மறுநாள் பார்வையிட வந்த பொறியாளர், உங்க பையன் போட்ட வெள்ளக் கணக்குப்படி இந்தத் தெருவுக்குத் தண்ணியே வராதேம்மா, வழி தெரியாம வந்துடுச்சோ என்று சிரித்தார். உன் தங்கச்சி சும்மா இருப்பாளா, அடுத்த தடவை வந்தா உங்க வீட்டு விலாசம் சொல்லி அனுப்புறேன் சார் என்றாள். அதோடு ஆள் இடத்தைக் காலி செய்தார்.

பெரியவனே, ஆற்றுக்கு மேல்பக்கம் புல்வெளி இருந்தவரை மழையை மண் குடித்தது, மீதிதான் ஆற்றுக்கு வந்தது, அதுவும் மறுநாள் மெல்ல ஏறி இரண்டு நாள் நின்று போகும். காலை எட்டு, மாலை ஐந்து என்று நான் பார்த்தது அந்த ஆற்றுக்குப் போதும். இப்போது முக்கால்வாசிக்குக் கிடங்கும் சிமெண்டுத் தரையும் போட்டுவிட்டார்கள், பெய்த மழை அத்தனையும் வழுக்கிக்கொண்டு வந்து நாலு மணி நேரத்துக்குள் ஏறி இறங்கிவிடுகிறது. என் நோட்டில் ஆறு சாதுவாகத் தூங்குகிறது. அந்த நோட்டைத்தானே நீ கணக்குக்கு எடுத்தாய்.

இதை உன்னிடம் மறைத்தது நான்தான். இரண்டு வருடமாகவே பாலத்துத் தூணில் வெள்ளம் ஏறிய சேற்றுக்கோடு என் அளவுக்கு மேலே தெரிந்தது. அலுவலகத்தில் கேட்டதற்கு, அதுக்கு நோட்டுல கட்டமே இல்லையேம்மா, விடுங்க என்றார்கள், நானும் விட்டேன். நீ போனில் கேட்டபோதுகூட என் நோட்டுல ஒரு எழுத்து தப்பாது என்று பெருமை பேசினேன். அம்மா எழுதியதை வைத்துப் பிள்ளை கணக்குப் போடுகிறான் என்ற கர்வம், வேறென்ன. ஆனால் நீயும் தப்ப முடியாது. வெள்ளம் அதிகபட்சம் ஒரு மீட்டர் எண்பது, நாற்பது செண்டிமீட்டர் கூடலாம் குறையலாம் என்றுதானே எழுதினாய், தெருமுனை வெள்ள எச்சரிக்கைப் பலகையில் ஒன்று எண்பது மட்டும்தான் இருக்கிறது. கூடலாம் என்பதை வெட்டிவிட்டார்கள், நீ வாய் திறக்கவில்லை. கிடங்குக்காரர்கள்தான் உன் கம்பெனிக்கு வேலை கொடுப்பவர்கள் என்பது எனக்கும் தெரியும். அந்தப் பலகையை நம்பித்தான் தங்கச்சி வீடு மாறாமல் இருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி கூட்டம், மிச்சப் புல்வெளியிலும் லாரி நிறுத்த சிமெண்டு போட அனுமதி கையெழுத்தாகப் போகிறது, அவர்கள் காட்டப்போவது உன் கணக்கைத்தான்.

அப்பாவை ஏணி பிடிக்கச் சொல்லி நானே ஏறித் தூணை அளந்தேன். சேற்றுக்கோடு இரண்டு மீட்டர் அறுபத்தைந்து. நீ கூடலாம் என்றதற்கும் மேலே. அதை நோட்டில் கட்டத்துக்கு வெளியே சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன், வேலையை விட்டுத் தூக்கினால் தூக்கட்டும். நீ பழைய கணக்கு தப்பு என்று உன் பெயரில் கூட்டத்துக்கு எழுதி அனுப்பு. தப்பு என்னுடையது என்றும் சேர்த்து எழுது, எனக்கு வெட்கமில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, நெஞ்சுச் சளியை அலட்சியம் செய்யாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிற மாதிரி நன்றாக இருக்க வேண்டும். இதை எழுதும்போதே மேலே கறுத்துக்கொண்டு வருகிறது. மணி இரண்டரைதான், நான் ஐந்து மணிவரை உட்கார்ந்திருக்கப் போவதில்லை, பாலத்துக்குக் கிளம்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா