பின்னால் நிற்கும் கார்

அன்பு மகளே,

கீழே நிலவறையில் நீ பெட்டி கட்டும் சத்தம் கேட்கிறது. நேரில் பேசாமல் இதைக் கதவடியில் தள்ளுவது கோழைத்தனம்தான்.

நேற்று நன்றிநாள் (தாங்க்ஸ்கிவிங்) விருந்தில் வான்கோழியை வெட்டிக்கொண்டே உன் அண்ணன் டெரெக் கேட்டான்: "நாப்பது வயசாச்சு, இன்னும் அப்பா வீட்டு பேஸ்மென்ட்தானா? இது அமெரிக்கா. உழைச்சா சொந்த வீடு கிடைக்கும்டி!"

"ரெண்டு வேலை பாக்குறேன் டெரெக். எங்க அந்த வீடு?" என்றாய்.

நான் தண்ணீர் எடுக்கும் சாக்கில் எழுந்து போய்விட்டேன். அவன் சொன்னது, ஆசிரியராக நான் வகுப்பில் காலமெல்லாம் நடத்திய பாடம். இன்று அது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை.

வேறு இடம் கிடைக்கும்வரை காரிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றாய்; இந்த ஒஹையோ குளிரில் காரில் படுக்க முடியாதம்மா. என் காரை உன் காருக்குப் பின்னால் வழிமறித்து நிறுத்திவிட்டேன். அதன் சாவி என்னிடம் இருக்கிறது. போவதானால் மேலே வந்து கேட்க வேண்டும்.

தயவுசெய்து கேட்காதே. கேட்டால் கொடுத்துவிடுவேன்.

உன் அப்பா